பைப் இல்லாத பெட்டி

அத்தியாயம் 5

"எடுத்தவ யாருன்னு எனக்குத் தெரியும். எப்படி எடுத்தாங்கறதை மட்டும் நீங்க கண்டுபிடிச்சுச் சொன்னா போதும்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

துப்பறியும் வேலைக்கு வந்த நாளிலிருந்து வாலு இப்படியொரு வழக்கைப் பார்த்ததில்லை. எல்லாரும் திருடனைத் தேடித்தான் வருவார்கள். இந்த அம்மாள் திருடியைக் கையோடு வைத்துக்கொண்டு, திருட்டைத் தேடித்தரச் சொல்கிறார்.

"பாதி வேலை மிச்சம், அத்தான்" என்று பக்கத்தில் நின்ற அத்தானின் காதோடு சொன்னாள்.

"வேலையா வந்த இடத்துல சார்னு கூப்பிடு" என்று அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு காதோடு சொன்னார்.

"சரிங்க, சார் அத்தான்."

வாலு என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. செய்த சேட்டைகளுக்காகக் கிடைத்த பெயர். அக்காவைக் கட்டிக்கொண்ட அத்தான் துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத இந்தத் தங்கையையும் சேர்த்து அவர் தலையில் கட்டியது அக்காதான். அத்தானுக்கு ஆனை உருவம், பூனை நடை. பூதக்கண்ணாடி, கையுறை இத்யாதி எதுவும் அவரிடம் கிடையாது. சட்டைப் பையில் ஒரு டீஸ்பூன் மட்டும் எப்போதும் இருக்கும். எதைப் பார்த்தாலும் அதை எடுத்து டொக் டொக்கென்று தட்டிப் பார்ப்பார். ஒருமுறை ஒரு வக்கீலின் மண்டையையே தட்டப் போய்விட்டார். வாலுதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா" என்று அத்தான் சோபாவில் சாய்ந்தார். சோபா முனகியது.

ஹெட்மிஸ்ட்ரஸ் உட்காரவில்லை. வகுப்பெடுப்பது போல நின்றுகொண்டே சொன்னார்.

இது அவருடைய அப்பா கட்டிய வீடு. அப்பா போனபின் அக்காவும் தங்கையும் நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். மாடிப்படி அக்கா பங்குக்கு வந்தது. மொட்டைமாடி தங்கை பங்குக்குப் போனது. அதனால் இந்தப் பக்கத்துப் படிக்கட்டு ஏறிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம், பல் டாக்டரான தங்கை, துணி காயப்போட ஏணி வைத்து ஏறுகிறார். அம்மாவுடைய வைரத் தோடு இருந்தது ஒரே ஒரு ஜோடி. அதையும் விடவில்லை. ஆளுக்கு ஒன்று.

அப்போதுதான் வாலு கவனித்தாள். ஹெட்மிஸ்ட்ரஸின் வலது காது மூளியாக இருந்தது. இடது காதில் ஒரு கண்ணாடிக் கல் மங்கலாக முழித்துக்கொண்டிருந்தது.

"வலது காதுல அம்மாவோடது. இடது காதுல இந்தக் கண்ணாடி. அவளுக்கு இடது காதுல அம்மாவோடது, வலது காதுல கண்ணாடி. நாலு வருஷமா இப்படித்தான் நடமாடறோம்."

"பேச்சுவார்த்தை?"

"கிடையாது. சண்டைகூடக் கிடையாது."

"இன்னிக்குக் காலையில?"

காலையில் குளிக்கப் போயிருக்கிறார். புதிதாக டைல்ஸ் போட்ட பாத்ரூம். கதவு உள்ளே தாழ். தோடைக் கழற்றி, சுவரில் இருக்கும் மாடத்தில், சோப்புக்குப் பக்கத்தில் திருகாணியோடு வைத்தார். தலைக்கு ஷாம்பு போட்டார். கண்ணை மூடினார். தண்ணீர் ஊற்றிக் கண்ணைத் திறந்தார். தோடு இல்லை.

"தண்ணியோட போயிருக்கும்" என்றார் அத்தான்.

"தண்ணி போற வழியில சல்லடை இருக்கு. அதையும் கழட்டிப் பாத்தாச்சு. தோடுதான் போச்சே தவிர, அதோட திருகாணி இருந்துது. எங்க இருந்துது தெரியுமா? சோப்பு மேல. நட்டுக்குத்தலா. கொடிக்கம்பம் மாதிரி!"

அத்தானின் புருவம் ஏறியது. வாலு அந்தத் திருகாணியை மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

"இருட்டறதுக்குள்ள எப்படின்னு தெரிஞ்சாகணும். தெரிஞ்சாலும் தெரியாட்டியும் நான் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிடுவேன். அவ பேர்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை."

கதவோரம் நின்றிருந்த அவர் கணவர் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். ஒற்றைக் கண்ணில் லென்ஸ் இடுக்கி இடுக்கி அந்தக் கண்ணைச் சுற்றி ஒரு வளையம் விழுந்திருந்தது. அந்த வளையத்துக்குள் இப்போது பயம் டிக்டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் முன்னே நடக்க, அவர் வாலுவின் பக்கம் ஒதுங்கினார். "எப்படியாவது தடுத்துடும்மா. ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டா அப்புறம் அவங்க ரெண்டு பேரும் இந்த ஜென்மத்துல ஒட்டமாட்டாங்க."

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்?"

"எனக்கா? எனக்கென்ன தெரியும்? மணிகூடத் தெரியாது" என்றார் கடிகாரக்காரர்.

பாத்ரூமில் டைல்ஸ் மேஸ்திரி கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார். அவரைப் பார்த்ததும் மேஸ்திரி எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"இவரும் சந்தேகப் பட்டியல்ல இருக்கார். ரெண்டு வீட்டு பாத்ரூமும் ஒண்ணோட ஒண்ணு முதுகு ஒட்டினது. நடுச் சுவத்துல தண்ணி கசிஞ்சுதுன்னு ரெண்டையும் ஒரே சமயத்துல இடிச்சுக் கட்டினது இவர்தான்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"அம்மா, எனக்கு ரெண்டு பக்கமும் பொது" என்று மேஸ்திரி விக்கினார்.

வாலு சுற்றிலும் பார்த்தாள். வெளிர்நீல டைல்ஸ், கண்ணைப் பறிக்கும் சுத்தம். ஜன்னல் ஒரு பாடப்புத்தக அளவு. அதிலும் கண்ணாடிப் பட்டைகள். பல்லி வேண்டுமானால் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வரலாம். நடுச் சுவரில் இடுப்புக்குச் சற்றே மேலே அந்த மாடம். சுவரைக் குடைந்து, உள்ளேயும் டைல்ஸ் ஒட்டி, விளிம்புக்கு அழகாகப் பட்டி போட்டிருந்தது. சோப்பு, ஷாம்பு, சீயக்காய் நிறத்தில் ஏதோ ஒரு பொடி டப்பா. பின்பக்கச் சுவருக்கு ஒரே ஒரு பெரிய டைல்.

ஒரு மூலையில் தரையிலிருந்து கூரைவரை குறுகலாக ஒரு பெட்டி. மாடியிலிருந்து இறங்கும் பெரிய பைப்பை மறைக்கச் சட்டம் அடித்து, சிமென்ட் பலகை வைத்து, மேலே டைல்ஸ் ஒட்டியது. மாடத்துக்குக் கீழே, சற்றுத் தள்ளி, சுவரை ஒட்டியே முழங்கால் உயரத்தில் இன்னொரு பெட்டி. அதற்கும் டைல்ஸ்.

அத்தான் ஸ்பூனை உருவினார்.

உயரப் பெட்டியைத் தட்டினார். டொக். "உள்ளே பைப் இருக்கு" என்றார். குட்டைப் பெட்டியைத் தட்டினார். டங்ங். காலிக் குடத்தைத் தட்டின மாதிரி அது பாடியது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் பாடியது. அத்தானுக்கு முகமெல்லாம் பல்.

"மேஸ்திரி! மேலேர்ந்து வர்ற பைப் அந்த மூலையில. குளியல் பைப் எதிர்ச் சுவத்துல. வாஷ்பேசினுக்குப் போறது கதவோரம். இந்தக் குட்டைப் பெட்டிக்குள்ள என்ன பைப் ஓடுது?"

மேஸ்திரி கடிகாரக்காரரைப் பார்த்தார். கடிகாரக்காரர் கூரையைப் பார்த்தார். கூரை யாரையும் பார்க்கவில்லை.

"பின்னாடி... எப்பவாவது... பைப் போட்டா..." என்று மேஸ்திரி இழுத்தார்.

"பொறக்காத பிள்ளைக்குச் சட்டை தைச்சு வச்ச மாதிரியா?" என்றாள் வாலு.

"என்கிட்டயும் அதான் சொன்னாங்க. பைப்பை மறைக்கிற பெட்டின்னு" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்கதானே கிட்ட இருந்து கட்டி வாங்கினீங்க?"

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு..." என்றார் கடிகாரக்காரர் கூரையிடம்.

வாலு மாடத்தில் கை விட்டாள். கை சொதசொதவென்று சோப்புக் கூழில் புதைந்தது. "ஐயே! இதென்ன, மாடமா குட்டையா?"

"அதைக் கேளும்மா!" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் பிடித்துக்கொண்டார். "கட்டினதிலேர்ந்து தண்ணி தேங்குது. வச்ச சோப்பெல்லாம் கரைஞ்சு போகுது. இருபது வருஷ அனுபவம்னு பேரு."

மேஸ்திரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா, மாடத்தோட அடித்தளத்துக்கு முன்பக்கமா லேசா வாட்டம் வைக்கணும், தண்ணி தானா வழிஞ்சு வந்துடும்னு எனக்குத் தெரியாதா? நான் வாட்டம் வச்சுத்தான் பூசினேன். சார்தான் கூடவே நின்னு ரசமட்டம் வச்சுப் பாத்து, ஒரு நூல்கூடச் சாயக்கூடாதுன்னு, பேத்து மறுபடியும் பூசச் சொன்னாரு!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்து பாத்ரூம் முழுக்க எதிரொலித்துவிட்டது.

அத்தான் கடிகாரக்காரரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "தண்ணி தேங்கினாலும் பரவாயில்லை, சாயக்கூடாது. ஏன் சார்?"

"எனக்கு எதுவும் கோணலா இருந்தா பிடிக்காது."

"உங்க மூக்குக் கண்ணாடியே கோணல்தான் சார்" என்றாள் வாலு. அவர் அவசரமாக அதைச் சரி செய்துகொண்டார். இன்னும் கோணலானது.

அவளுடைய கண் கதவில் தொங்கிய துண்டுக்குப் போனது. இஸ்திரி மடிப்புக் கலையாத துண்டு. "இது யாரோடது?"

"அவரோடதுதான். தினம் சாயங்காலம் கடையிலேர்ந்து வந்ததும் உள்ளே போவார். மணிக்கணக்கா வெளியே வரமாட்டார். அப்படி ஒரு குளியல்!"

"தலையில தண்ணி பட்ட மாதிரியே இல்லையே. துண்டும் அப்பளமா இருக்கு. சார் எதுல குளிக்கிறார்? காத்துலயா?"

ஹெட்மிஸ்ட்ரஸ் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். காப்பியடித்த மாணவனைப் பார்க்கும் பார்வை அது. கடிகாரக்காரர் உயரத்தில் ஒரு சாண் குறைந்தார்.

அத்தான் போய் அந்தக் குட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்தார். அதன் விளிம்பு கூராக இல்லாமல் உருட்டியிருந்தது. மேலே ஒட்டியிருந்ததும் வழுக்காத சொரசொரப்பு டைல். உட்கார்ந்தவாக்கில் இடது கையை நீட்டினார். முழங்கை அல்வாத் துண்டு போலச் சரியாக மாடத்தின் விளிம்பில் போய் அமர்ந்தது.

"வாலு" என்றார், சொக்கிப்போய். "இது பைப்புக்குக் கட்டின பெட்டி இல்ல. இது நாற்காலி!"

"அப்போ அது?"

"மேஜை! மேஜை சாயலாமா? அதான் வாட்டம் இல்ல!" அத்தான் மாடத்தில் இருந்த சாமான்களை அள்ளி வாலுவின் கையில் திணித்தார். பின்பக்க டைலை ஸ்பூனால் தட்டினார். டங்ங். "பாரு. எல்லா டைல் இடுக்கிலும் வெள்ளையா பூசி அடைச்சிருக்கு. இதைச் சுத்தி மட்டும் பூச்சு இல்ல, மயிரிழை மாதிரி இடைவெளி. ஏன்னா இது சுவர் இல்ல..."

"சார், வேணாம் சார்!" என்று கடிகாரக்காரர் பாய்ந்தார்.

அத்தான் கட்டை விரலால் டைலை அழுத்தினார். காந்தம் விட்டுக்கொடுக்கும் சத்தம், கிளிக்கென்று. டைல் ஜன்னல் கதவுபோல அந்தப் பக்கமாகத் திறந்துகொண்டது.

அங்கே ஒரு முகம் இருந்தது.

வழுக்கைத் தலை, காதில் பேனா, மடியில் சதுரங்கப் பலகை. அந்த முகம் பலகையிலிருந்து நிமிராமலே பேசியது. "ஏன் சகலை இவ்வளவு லேட்டு? உங்க குதிரைக்கு இன்னிக்கு நான் சமாதி கட்டறேன் பாருங்க..."

பிறகு நிமிர்ந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் கத்திய கத்தலில் தெருக்கோடியில் ஒரு நாய் குரைத்தது. மேஸ்திரி பின்வாங்கி, பக்கத்திலிருந்த இன்னொரு வாளிக்குள் காலை விட்டார். அந்தப் பக்கம் சதுரங்கக் காய்கள் பொலபொலவென்று தரையில் கொட்டின.

"தங்கச்சி வீட்டுக்காரர்!" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ், மூச்சு வாங்க. "மருந்துக்கடைக்காரர்! என் பாத்ரூம் சுவத்துக்குள்ள!"

"அண்ணி... வணக்கம்" என்றது முகம்.

அடுத்த ஐந்து நிமிடம் சகலைகள் இருவரும் மாறி மாறி உளறியதிலிருந்து விஷயம் வெளியே வந்தது. மனைவிமார் பேச்சை நிறுத்தியதும் புருஷர்களும் பேசக்கூடாது என்று சட்டம் ஆகிவிட்டது. இருவருக்கும் வேறு சிநேகிதம் கிடையாது. வேறு யாருடன் ஆடினாலும் சதுரங்கம் ருசிக்கவில்லை. தெருவில் பார்த்துச் சிரித்தாலும் மாட்டிக்கொள்வோம் என்று பயம். நடுச் சுவரில் கசிவு வந்தது. இடிக்க வேண்டியதாயிற்று. இருவரும் தனித்தனியே மேஸ்திரியிடம் போய், ஒரே இடத்தில், முதுகோடு முதுகாக ஒரு மாடம், நடுவே திறக்கிற மாதிரி ஒரு டைல், பக்கத்தில் பைப் பெட்டி என்ற பெயரில் ஓர் ஆசனம் என்று சொல்லிவைத்தார்கள்.

"ஒரு நல்ல காரியம்னு நினைச்சு நானும் கட்டிக் குடுத்துட்டேன்" என்றார் மேஸ்திரி, வாளியிலிருந்து காலை உருவப் போராடியபடி.

அத்தான் எழுந்து நின்றார். மீசையை நீவினார். இந்த நீவலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு முழக்கம் வரும் என்று வாலுவுக்குத் தெரியும்.

"ஆகவே அம்மா, பூட்டின பாத்ரூமுக்குள்ள தோடு எப்படிப் போச்சுங்கிற மர்மம் உடைஞ்சுது. இந்தக் கதவு வழியாத்தான் போச்சு. கதவு தெரிஞ்சவங்க மூணே பேர். ஒருத்தர் உங்க கணவர். ஒருத்தர் மேஸ்திரி. அந்தப் பக்கத்துலேர்ந்து கை நீட்டக்கூடிய ஆள் ஒருத்தர்தான். மருந்துக்கடைக்காரரே, தோடை எடுங்க!"

"ஐயையோ! காலையில கடை திறக்கறதே நான்தான் சார். எழுந்ததும் அங்கதான் ஓடுவேன். கடையில யாரை வேணா கேளுங்க!" மருந்துக்கடைக்காரரின் வழுக்கை வியர்த்தது. "அதுவும் அண்ணி குளிக்கிற நேரத்துல அந்தக் கதவு பக்கமே நான் தலைவச்சுப் படுப்பேனா?"

"போலீஸ்ல சொல்லுங்க அதை" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "அவளும் இவரும் கூட்டு. நான் கிளம்பறேன். என் கைப்பை எங்கே?"

கடிகாரக்காரர் மனைவியின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருக்கும். "போகாதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அவர் எடுத்திருக்க மாட்டார். நான் அசந்திருந்தாக்கூட ஆட்டத்துல ஒரு தடவை ஏமாத்தினது கிடையாது."

"நகருங்க."

வாலு அதுவரை சோப்பும் ஷாம்பும் டப்பாவுமாகக் கட்டிக்கொண்டு நின்றவள், எல்லாவற்றையும் மேஸ்திரியின் கையில் கொடுத்தாள். மனதுக்குள் முடிந்து வைத்திருந்த திருகாணி உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஒரு நிமிஷம்மா. சார் அத்தான், ஒரு சந்தேகம். திருடினவன் திருகாணியை ஏன் விட்டுட்டுப் போனான்?"

"அவசரத்துல விட்டிருப்பான்."

"அவசரக்காரன் அதைச் சோப்புல நட்டு நிக்கவச்சுட்டுப் போவானா? ரெண்டையும் எடுத்திருந்தா அம்மா என்ன நினைச்சிருப்பாங்க? தண்ணியோட போச்சுன்னு நினைச்சிருப்பாங்க. குழியைத் தோண்டியிருப்பாங்க. திருட்டுன்னே யாருக்கும் தோணியிருக்காது. எடுத்தவங்க, திருட்டுன்னு தெரியணும்னே வச்சுட்டுப் போயிருக்காங்க. நான் எடுத்தேன், நல்லாப் பாத்துக்கோன்னு கொடி நட்டுட்டுப் போயிருக்காங்க!"

அத்தானின் மீசை நீவல் பாதியில் நின்றது.

"நாம வரும்போது பக்கத்து வாசல்ல ஒரு அம்மா நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்களே, நல்ல புடவை கட்டிக்கிட்டு? பேப்பர் படிச்சிட்டிருந்தாங்க. நான் செருப்பைக் கழட்டி, நீங்க மூச்சு வாங்கி, காலிங்பெல் அடிச்சு, கதவு திறக்கிற வரைக்கும் ஒரு பக்கம்கூடப் புரட்டல. இந்த வாசலையேதான் பாத்துக்கிட்டிருந்தாங்க. இன்னிக்கு டாக்டரம்மா கிளினிக் போகலையா சார்?"

"லீவு போட்டிருக்கா" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஏன்னு கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்தா."

வாலு மாடத்துக்குள் தலையை நீட்டினாள். மருந்துக்கடைக்காரரின் தோளுக்குப் பின்னால், அந்தப் பக்கத்துப் பாத்ரூம் கதவில் சாய்ந்தபடி அந்த நல்ல புடவை நின்றிருந்தது. கத்தல் கேட்டு வந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. விளக்கு வெளிச்சம் அவர் முகத்தின் இரண்டு பக்கமும் பட்டது. இடது காது பளீரென்றது. வலது காதும் பளீரென்றது.

"சார்" என்று வாலு மருந்துக்கடைக்காரரைக் கேட்டாள், "உங்க மனைவி காதுல ஒண்ணு வைரம், ஒண்ணு கண்ணாடிதானே?"

"ஆமா."

"காலையிலேர்ந்து அவங்க காதைப் பாத்தீங்களா?"

"நான் ஏம்மா அவ காதைப் பாக்கப் போறேன்?"

"இப்ப பாருங்க."

மருந்துக்கடைக்காரர் திரும்பினார். பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது, கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்ட மாதிரி.

"பாத்தீங்களா!" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் பின்னால் இருந்து வெடித்தார். "நான் சொல்லல? எடுத்தவ யாருன்னு நான் முதல்லயே சொல்லல?"

டாக்டரம்மா மெதுவாக வந்து கணவரை எழுப்பிவிட்டு, அந்தப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்தார். மாடத்தின் வழியாக வாலுவைத்தான் பார்த்தார். அக்காவைப் பார்க்கவில்லை.

"பிரஷ் மாட்ட அந்த டைல்ல ஒரு ரப்பர் கொக்கி ஒட்டினேன். இழுத்துப் பாத்தேன், நிக்குதான்னு. சுவரே திறந்துக்கிச்சு. அந்தப் பக்கம் இவ, தலையெல்லாம் நுரையா, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நிக்கறா. சின்ன வயசுல அம்மா தேய்ச்சுவிடும்போது நிப்பாளே, அதே மாதிரி." டாக்டரம்மா அந்தக் கொக்கியைத் தொட்டுக்கொண்டார். "தோடு கைக்கெட்டற தூரத்துல இருந்துது."

"எடுத்துட்டீங்க."

"எடுத்துட்டேன். திருகாணியை நட்டுவச்சேன். போட்டுக்கிட்டு வாசல்ல போய் உக்காந்தேன். இப்ப வருவா, கத்துவா, தலைமுடியைப் பிடிப்பான்னு பாத்தேன். காலையிலேர்ந்து உக்காந்திருக்கேன். லீவு போட்டுட்டு உக்காந்திருக்கேன். நாலு வருஷமா இவ என்கிட்ட ஒரு சண்டைகூடப் போடல. இதுக்காவது வருவான்னு நினைச்சேன்." இப்போதுதான் அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "இவ என்னடான்னா துப்பறியறவங்களை அனுப்பறா!"

ஹெட்மிஸ்ட்ரஸின் கையிலிருந்த கைப்பை தரைக்குப் போயிற்று. எங்கிருந்து எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

"ஏண்டி" என்றார். கனைத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்துக்கே கேட்கும் குரலில் ஆரம்பித்தார். "ஏண்டி கழுதை! எனக்குக் கத்தத் தெரியாதா? உன் வாசல்ல வந்து நான் கத்தினா, நீ கதவைச் சாத்திட்டா நான் என்னடி பண்றது? அந்தப் பயத்துல நாலு வருஷமா உன் வாசலைத் தாண்டும்போதெல்லாம் மறுபக்கம் பாத்துக்கிட்டுப் போறேன். கழுத்தே சுளுக்கிப் போச்சு!"

"நான் ஏன் சாத்தப் போறேன்? நீதானே முதல்ல சுவர் வைக்கணும்னே!"

"நீதானே அளவெடுக்க ஆளைக் கூட்டிட்டு வந்தே!"

"நீ ஏன் தடுக்கல?"

"நீ தடுப்பேன்னு நினைச்சேண்டி!"

அத்தான் வாலுவின் பக்கம் குனிந்தார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் தட்டாத இடமில்ல."

"நானும் ஒரு தங்கச்சிதானே அத்தான். அக்கா பேசாம இருந்தா நான் என்ன பண்ணுவேன்னு நினைக்கறீங்க? அவ சீப்பை ஒளிச்சுவைப்பேன். வந்து தலையில நறுக்குன்னு ஒரு குட்டு வைப்பா. அதுக்கப்புறம் சரியாப் போயிடும்."

"போன வாரம் வீட்டைத் தலைகீழாப் புரட்டித் தேடினோமே, அந்தச் சீப்பா?"

"சார், வழக்கைக் கவனிங்க."

டாக்டரம்மா வலது காதிலிருந்து தோடைக் கழற்றி மாடத்தின் வழியே நீட்டினார். ஹெட்மிஸ்ட்ரஸ் வாங்கினார். திருகாணியை எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். கண்ணாடி பார்க்காமல் போட்டதில் இரண்டு தடவை தவறியது.

"கொண்டா இங்க. பல்லுக்குள்ள ஊசி விடறவ நான். காதைக் காட்டு" என்றார் தங்கை.

ஹெட்மிஸ்ட்ரஸ் குட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து, மாடத்துக்குள் காதைக் கொடுத்தார். சுவருக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்து, திருகாணியைப் பிடித்துச் சுற்றின.

"ஆ! மெதுவாடி."

"ஆடாதே. ஏன் இப்படி நரைச்சுக் கிடக்கு? சாயம் ஏதும் போடறதில்லையா?"

"உன்னை யார் கேட்டா?" ஹெட்மிஸ்ட்ரஸ் காதை எடுக்காமலே மறு கையால் பின்பக்கம் விரட்டினார். "என்ன வேடிக்கை? எல்லாரும் வெளியே போங்க. ம்! ஒருத்தர் பாக்கி இருக்கக்கூடாது."

மேஸ்திரி வாளியோடு சேர்ந்து நொண்டி வெளியேறினார். எல்லாருக்கும் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ் விழுந்தது. உள்ளே கொஞ்ச நேரம் இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் திட்டிக்கொண்டன. பிறகு ஒரு மூக்கு உறிஞ்சியது, இன்னொரு மூக்கு பதில் சொன்னது. அப்புறம், யார் ஆரம்பித்தார்களோ, சிரிப்பு. அடக்க அடக்கப் பீறிட்டுக்கொண்டு வரும் பள்ளிக்கூடப் பெண்களின் சிரிப்பு.

வாசல் வழியே மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார். அந்தப் பக்கத்துப் பாத்ரூமிலிருந்து அவரும் விரட்டப்பட்டிருந்தார். அக்குளில் சதுரங்கப் பலகை, இரண்டு கை நிறையக் காய்கள். நாலு வருஷமாக மிதிக்காத படி என்று அவருக்கே தாமதமாகத்தான் உறைத்தது. ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

"வாங்க சகலை" என்றார் கடிகாரக்காரர்.

இருவரும் பாத்ரூம் கதவுக்கு வெளியே சோகமாக நின்று, உள்ளே ஓடும் பேச்சைக் கேட்டார்கள். அது இப்போதைக்கு முடிகிற பேச்சாகத் தெரியவில்லை. நாலு வருஷப் பாக்கி இருந்தது.

"இனிமே தினம் இவங்க பிடிச்சுப்பாங்க போல" என்று மருந்துக்கடைக்காரர் முணுமுணுத்தார். "நாம எங்க சகலை ஆடறது?"

கடிகாரக்காரர் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

"ஹால்ல உக்காந்து ஆடுங்களேன்" என்றாள் வாலு.

சகலைகள் இருவரும் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் பார்க்க, விளக்கைப் போட்டுக்கொண்டு, மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து ஆடலாம் என்ற யோசனை இந்த உலகத்தில் வேறு யாருக்கு வந்திருக்கும்? அத்தானைத் தாண்டி வந்து இருவரும் வாலுவின் கையைத்தான் பிடித்துக் குலுக்கினார்கள்.